வெள்ளிக்கிழமை வழிகாட்டி

"விருந்தாளி ஒருத்தர் அறைச் சாவியைத் தொலைச்சுட்டு நம்ம மேலயே பாயறார், மேடம். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

ஓட்டல் ஊழியர்களின் கேன்டீனில், மீன்தொட்டி ஓரத்து மேசையில், நரைத்த தலையும் மடிப்புக் கலையாத கோட்டுமாக அமர்ந்திருந்தவர் கேட்டார். எதிரே இருந்த வரவேற்புப் பெண் உதட்டைக் கடித்தபடி யோசித்தாள்.

"முதல்ல உக்கார வச்சுத் தண்ணி கொடுப்பேன் சார். நின்னுக்கிட்டிருந்தாத்தான் கோபம் ஜாஸ்தி. அப்புறம் மாத்துச் சாவி. யாரு தொலைச்சதுங்கிற பேச்சையே எடுக்க மாட்டேன்."

"அடடா!" என்று மேசையைத் தட்டினார் அவர். "அப்படியே பண்ணிடலாம்!"

அவளுக்குப் புல்லரித்தது. எப்பேர்ப்பட்ட மனிதர்! ஒரு வார்த்தை உபதேசம் கிடையாது. கேள்வியை மட்டும் போட்டுவிட்டு, பதிலை அவள் வாயிலிருந்தே வரவழைத்துவிடுகிறாரே!

யாராவது குரலை உயர்த்தினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் சுபாவம் அவளுடையது. மூன்று மாதங்களுக்கு முன்பு மேலாளர் அவளை அழைத்து, "புது வழிகாட்டித் திட்டத்துல உங்களையும் சேர்த்திருக்கேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீன்தொட்டிகிட்ட ஒருத்தர் காத்திருப்பார்" என்று சொன்னபோது, நம்மைத் தேற்றுவதற்கும் ஓர் ஆளைப் போட்டார்களே என்று அவள் உருகிப் போனாள்.

"நாளைக்கு மேற்பார்வையாளர் பதவிக்கு நேர்காணல் சார். பயமா இருக்கு. ஏழு வருஷமா ஒரே இடத்துல நிக்கறேன். இதையும் கோட்டை விட்டா அவ்வளவுதான்."

"உங்களுக்கா பயம்? விளையாடாதீங்க மேடம்!" அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

எவ்வளவு நாசூக்காகத் தைரியம் ஊட்டுகிறார் என்று அவள் வியந்துகொண்டாள்.

மறுநாள் மேலாளர் அறைக்குள் வரவேற்புப் பெண்ணாக நுழைந்தவள், மேற்பார்வையாளராக வெளியே வந்தாள். கால் தரையில் பாவவில்லை. லிஃப்டுக்காகக் காத்திருக்கப் பொறுமையின்றிப் படிகளில் தாவி இறங்கினாள். கீழ்த்தளத்தில் எதிரே வந்த சலவைத் துணி வண்டிக்கு ஒரு வணக்கம் வைத்தாள். அதைத் தள்ளி வந்தவர் தமக்குத்தான் என்று எண்ணி, பவ்யமாகப் பதில் வணக்கம் வைத்தார்.

கேன்டீனில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், கிடைச்சிருச்சு!"

"கிடைக்காம எங்க போகும்!" கரண்டியும் கையுமாகவே எழுந்து ஒரு குதி குதித்தார் அவர்.

"எல்லாம் உங்க புண்ணியம் சார். உங்களை மாதிரி ஒரு வழிகாட்டி கிடைக்க..."

குதித்தவர் அப்படியே நின்றார்.

"வழிகாட்டியா? யாரு, நானா?"

"பின்னே வேற யாரு?"

"ஐயோ மேடம்! லாரி கம்பெனியில கணக்கு எழுதிட்டிருந்தவன் நான். இந்த வயசுல வேலை போயி, பின்கட்டடத்து வரவேற்புல வந்து சேர்ந்தே மூணு மாசந்தான் ஆகுது. அங்க வர்ற தலைவலியையெல்லாம் உங்ககிட்ட கேட்டு, நீங்க சொன்னதை அப்படியே செஞ்சு ஒப்பேத்திட்டிருக்கேன்! இன்னிக்குக் காலையில மேலாளர் கூப்பிட்டு, 'உங்களுக்கு நான் போட்ட வழிகாட்டி எப்படி?'ன்னு கேட்டார். 'அந்த மேடம் மட்டும் இல்லேன்னா முதல் வாரமே ஓடியிருப்பேன்'னு சொல்லிட்டு வந்தேன்!"