கடைசி எபிசோட்

அன்று ரப்பர் பால் வெட்டும் வேலைக்குப் போகாமல், ராஜையன் தான் எழுதிய ஏழு எபிசோட் கதையையும் வீடியோ காலில் சொல்லி முடித்தார். ஓடிடி நிறுவனத்து மேடத்துக்குப் பிடித்துவிட்டது.

“இரணியல் ஸ்டேஷன்ல இறங்குற பொண்ணு வீடு வந்து சேரல. சூப்பர்! ஆனா அவளுக்கு என்னதான் ஆச்சு? முடிவு இல்லாம சீரிஸ் எடுக்க மாட்டோம் சார்.”

கூட இருந்த கேமராக்காரன் பிரதீஷ், “வாயில வந்தத அடிச்சு விடும் அண்ணா, சான்ஸ் போயிரும்” என்று கிசுகிசுத்தான்.

“முடிவு எனக்கும் தெரியாது மேடம். அந்தப் பொண்ணு நான் பெத்த மோளாக்கும். காணாமப் போயி ஒம்பது வருசமாச்சு. இது டிவியில வந்தா, அவளப் பாத்தவன் எவனாவது வந்து சொல்லுவானில்லா?”

மேடத்தின் முகம் மலர்ந்தது.

“உண்மைக் கதையா? முதல்லயே சொல்லக் கூடாதா சார்? இப்பவே ஓகே! பொணம் கிடைக்கிற மாதிரி முடிச்சுக்கலாம்.”

“செத்தாச்சுன்னு காட்டிப்போட்டா, பிறவு எவன் மேடம் அவளத் தேடுவான்?”