குவில்டி குடும்பத்து மானம்

ஆஸ்திரேலியாவின் நல்லார்பார் பொட்டல்வெளிச் சாலையில் என் தங்கை மெர்னா சைக்கிளில் போகிறாள். துணைக்கு நான் காரில் போகிறேன். குவில்டி குடும்பத்தில் யாரும் சாலையில் அந்நியரிடம் உதவி வாங்கியதில்லை. அவள் அந்த மானத்தைக் கெடுத்துவிடாமல் பார்ப்பதே என் பொறுப்பு.

எங்கள் பக்கம், ஓரமாக நிற்பவரை விசாரிக்காமல் எந்த வண்டியும் தாண்டாது. காரோடு ஓரமாக நின்றிருந்த என்னைப் பார்த்து, எதிரே வந்த லாரிக்காரனும் நிறுத்தினான்.

"என்ன பெருசு, ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேணாம். சைக்கிள்ல வர்ற தங்கச்சிக்காகக் காத்திருக்கேன்."

"சிவப்புத் தொப்பி போட்ட அம்மாவா? அவங்க உங்களைத் தாண்டி அடுத்த பெட்ரோல் பங்குக்கே போயிட்டாங்களே. கேரியர்ல என்னமோ கட்டிக்கிட்டிருந்தாங்க."

"தெரியும்."

"இந்த வெயில்ல கஷ்டப்படாதீங்க, லாரியில ஏறுங்கன்னேன். முறைச்சாங்க."

"எங்க ரத்தம் அப்படி" என்றேன், முதுகை நிமிர்த்தி.

"லாரி ரேடியோவுல பின்னால வர்றவங்க யார்கிட்டயாவது சொல்லவா?"

"யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம்."

சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

வெகுநேரம் கழித்து மெர்னா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கேரியரிலிருந்து டீசல் கேனை அவிழ்த்தாள்.

"முள்ளு கீழ போகுதுன்னு காலையிலயே சொன்னேன். குவில்டிக்குத் தன் கார் தெரியும்னீங்க."

"அது கிடக்கட்டும். டீசல் யாருக்குன்னு பங்க்ல கேட்டாங்களா?"

"கேட்டாங்க. வழியில யாரோ ஒரு கிழவர் மாட்டிக்கிட்டு நிக்கிறார்னு சொன்னேன்."

"பேரு?"

"தெரியாதுன்னுட்டேன்."

குடும்ப மானம் தப்பியது. டேங்க் மூடியை நானே திறந்துவிட்டேன்.