மூன்று பிரஸ், ஒரு கையெழுத்து

"சிவப்பு நல்லதெண்டு ஒரு சொல்லுச் சொல்லுமன். மனுசன் கையெழுத்து வைப்பார், நாங்கள் போவம்."

கனகேஸ்வரியின் கணவர் பத்மநாதன் குசினி வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவள் கோப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

"சிவப்பிலை பிழை இருக்கு," என்றாள்.

நாளை காலை ஒன்பது மணிக்கு அவள் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் நிற்க வேண்டும், இத்தாலியில் இருப்பதற்கான அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்க. 'இவள் என் வீட்டில் வேலை செய்கிறாள்' என்று முதலாளி கையெழுத்து வைத்த தாள் இல்லாமல் போய்ப் பயனில்லை. அந்தத் தாள் மூன்று கிழமையாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. அதன்மேல் தோட்டா நிரப்பும் மூன்று பிரஸ்களின் படங்கள்: சிவப்பு, நீலம், பச்சை.

முதலாளி சின்யோர் கத்தால்தோவுக்கு எண்பத்திரண்டு வயது. குறிபார்த்துச் சுடுவதில் ஒரு காலத்தில் கிண்ணங்கள் வாங்கியவர். கிளப்பில் மற்றவர்கள் எல்லாரும் சுட்டு முடிந்த தோட்டாக் கூடுகளை வீட்டிலேயே வெடிமருந்து அளந்து போட்டுத் திரும்ப நிரப்புகிறார்களாம். இவர் மட்டும் கடையில் வாங்குகிறாராம். அது பெரிய மானப் பிரச்சினையாகிவிட்டது. பிஸ்டலுக்கும் ரைபிளுக்கும் சேர்த்து ஒரு பிரஸ் வாங்க வேண்டும். அதைத் தெரிந்தெடுக்கும்வரை வீட்டில் வேறெந்த அலுவலும் நடக்காது என்று சொல்லிவிட்டார்.

"பத்மநாதன், நீ சொல்லு," என்று சாப்பாட்டு அறையிலிருந்து கூப்பிட்டார். "உங்கடை நாட்டிலை முப்பது வருசம் சண்டை. உனக்குத் தெரியாமல் இருக்காது."

"நான் பங்கருக்குள்ளை படுத்துக் கிடந்தனான், சின்யோர். எல்லாம் எனக்கு மேலாலை போனது."

"மேலாலை போனது பிஸ்டலோ, ரைபிளோ?"

"எட்டிப் பாக்கேல்லை."

சின்யோர் அதையும் யோசித்துப் பார்த்தார். ஏற்கெனவே போர்கோ வெக்கியோ சந்தை மீன்காரனிடமும் பங்குச் சுவாமியாரிடமும் கேட்டாயிற்று. மீன்காரன் சிவப்பு என்றான். சுவாமியார் பச்சை என்றார்.

"சிவப்பு ரைபிளுக்கு நல்லது," என்று சின்யோர் படங்களைக் காட்டினார். " ஒரு இழுவைக்கு ஒரு வேலைதான், ஆனால் திருத்தமாச் செய்யும். நீலம் பிஸ்டலுக்கு நல்லது, கெதி. பச்சைக்கு மேல்பக்கம் சுழலும். அச்சுகள் எல்லாத்தையும் அதிலையே பூட்டி வைச்சால் ரெண்டும் செய்யலாம்."

பத்மநாதனுக்கு உயிர் வந்தது. "அப்ப பச்சைதான், சின்யோர். எங்கடை முறுக்கு உரல் மாதிரி. ஒரு அச்சுப் போட்டால் முறுக்கு, மற்ற அச்சுப் போட்டால் இடியப்பம். உரல் ஒண்டுதான்."

"அந்த உரலின்ரை கைபிடி எத்தினை நாள் நிண்டது?" கனகேஸ்வரி கோப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். "பச்சையின்ரை கைபிடி நீளம். யன்னல் சீலையிலை கொழுவும்."

"சீலையைக் கழட்டினால் போச்சு," என்றார் பத்மநாதன்.

"நீலத்திலை கனக்க ஓட்டை. தூசி துடைக்கிறது நான்தானே."

"அப்ப சிவப்பு?"

"இந்த மேசை நிறத்துக்கு எடுக்காது."

சின்யோர் ஒவ்வொன்றுக்கும் நீதிபதி மாதிரித் தலையாட்டினார். "இவள் சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு. அடுத்த கிழமை பாப்பம்."

அடுத்த கிழமை என்றதும் பத்மநாதன் போனை எடுத்துவிட்டார். படத்தின் கீழிருந்த இலக்கத்துக்குத் தானே அடித்தார். பச்சை கடையில் இருக்கிறதாம். பின்னேரமே கொண்டுவந்து மேசையில் பூட்டித் தருவார்களாம்.

"கொண்டுவரச் சொல்லட்டோ, சின்யோர்?"

சின்யோர் கனகேஸ்வரியைப் பார்த்தார்.

"அது இந்த வீட்டுக்கு வந்தால் நான் நாளையிலையிருந்து வரமாட்டன்," என்றாள் அவள்.

பத்மநாதன் போனைக் கையால் பொத்தினார். "உமக்கென்ன விசரே? வேலை போனால் பெர்மெஸ்ஸோ போச்சு. பிறகு ஊருக்குப் பிளேன்தான்."

"போகட்டும்."

"ஏன், கனகேஸ்வரி?" சின்யோர் மெதுவாகக் கேட்டார்.

"எனக்குப் பச்சை நிறம் பிடிக்காது. சின்னனிலையிருந்தே."

அவள் கட்டியிருந்த ஏப்ரன் பச்சை. அவளுடைய சட்டையும் பச்சை.

சின்யோர் கையை நீட்டிப் போனை வாங்கினார். "எங்கடை வீட்டு வேலைக்காரிக்கு நிறம் பிடிக்கேல்லையாம். வேண்டாம். ஓம், நிறம்தான்." வைத்துவிட்டுக் கதிரையில் நன்றாகச் சாய்ந்தார். "கிளப்பிலையும் இதைத்தான் சொல்லுவன். வீட்டிலை இவளை மீறி ஒண்டும் செய்ய ஏலாது."

பிறகு படங்களை ஒதுக்கி, அடியில் கிடந்த தாளை எடுத்தார்.

"ரெண்டு பேரும் குசினியிலை நில்லுங்கோ. ஆரும் பாத்துக்கொண்டு நிண்டால் எனக்குக் கையெழுத்து வராது."

பத்து நிமிடம் போனது.

"ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமோ," என்று பத்மநாதன் முணுமுணுத்தார். "இருக்கிறவையின்ரை விளையாட்டு. மூண்டு கிழமையா எங்களை நாய் மாதிரி அலைய விட்டிட்டு. நீரும் அவருக்கு ஏத்த ஆள்தான். ஒரு சாமானிலை ஒன்பது பிழை."

கனகேஸ்வரி கோப்பிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

சின்யோர் தாளை நாலாக மடித்துக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். வெளியில் வந்து கதவைச் சாத்தியதும் பத்மநாதன் அதைப் பறித்துப் படிக்கட்டிலேயே விரித்தார்.

பெயர் கோட்டுக்கு மேலே தொடங்கியிருந்தது. அங்கிருந்து சறுக்கி, பக்கத்துக் கட்டத்துக்குள் நடுங்கி நடுங்கிப் போய், பேனை தாளைக் குத்திக் கிழித்த இடத்தில் நின்றிருந்தது.

பத்மநாதன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கையாலையோ இந்த மனுசன் வெடிமருந்து அளக்கப் போனவர்?"

"மெல்லக் கதையுங்கோ," என்றாள் கனகேஸ்வரி. "அவருக்குக் கேட்டால், மூண்டு கிழமையா நான் பிடிச்ச பிழையெல்லாம் வீணாப் போயிடும்."