அவனை அடிக்காதீங்க!

"எழுந்திருடா சோம்பேறி! ஒரே ஒரு 'ழ' எழுதத் துப்பில்ல. நீயெல்லாம் எதுக்கு?"

கூடவே பளாரென்று ஓர் அடி விழும் சத்தம். சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர், முன்னறை நாற்காலியில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். பலகையில் சிவப்புப் பெயிண்ட் கோணல்மாணலாக இழுபட்டிருந்தது.

"ஏங்க, மறுபடியும் அவனை அடிச்சீங்களா?"

"பின்னே, கொஞ்சச் சொல்றியா? நாலு மாசமா ஒரு வேலைக்கும் ஆகல. தண்டச்சோறு!"

"உடம்புக்கு வந்தா அவன் என்னங்க பண்ணுவான்? வேணும்னேவா இப்படிக் கிடக்கறான்?"

"எப்படி எழுதுவான் தெரியுமாடி? ஸ்கேல் வைக்காம, ஒரே இழுப்புல..." அவர் குரல் உடைந்தது. அதை மறைக்கவே இன்னும் சத்தமாகக் கத்தினார். "இப்ப பாரு, மண்ணாங்கட்டி மாதிரி!"

மறுபடி ஓங்கியவரை மனைவி குறுக்கே புகுந்து தடுத்தாள்.

"அவன் ஓய்வெடுத்தா எடுத்துட்டுப் போறான். உங்க வாய்தான் ஒரு நாளும் ஓய்வெடுக்க மாட்டேங்குது."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"நேத்து பேத்தி ஆசையா தண்ணி கொண்டு வந்தா. டம்ளரைத் தட்டிவிட்டு எரிஞ்சு விழுந்தீங்க. குழந்தை நடுங்கிப் போச்சு. 'அப்பா கோபம் தணியற வரைக்கும் இவளைக் கூட்டிட்டு வர மாட்டேம்மா'ன்னு உங்க மக சொல்லிட்டுப் போயிட்டா. அவன்மேல இருக்கற கோபம்தானே எங்க எல்லார்மேலயும் பாயுது?"

ஓவியர் தலை குனிந்தார்.

"வேற யாராவது இப்படி விழுந்து கிடந்தா, நீங்களே தேடிப் போய் ரெண்டு வார்த்தை ஆறுதலா சொல்லிட்டு வருவீங்க. இவனுக்கு மட்டும் அடியா? இந்த வீடே அவன் உழைப்புலதானே நிக்குது?"

அவள் கீழே கிடந்த பிரஷை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நேத்துவரைக்கும் 'அவனைக் குணமாக்கு சாமி'ன்னு வேண்டினேன். இன்னிக்குக் காலையில, 'இந்த மனுஷனுக்கு அவன்மேல கொஞ்சம் இரக்கத்தைக் கொடு'ன்னு மட்டும்தான் கேட்டேன்."

சொல்லிவிட்டு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மகளுக்கு போன் போடு," என்றார் ஓவியர், தாழ்ந்த குரலில். "குழந்தைகிட்ட பேசணும். அதுக்கு முன்னாடி இவன்கிட்ட ஒரு வார்த்தை பேசிக்கறேன்."

அவள் நம்ப முடியாமல் நின்றாள்.

"மன்னிச்சுக்கடா. முப்பது வருஷம் உழைச்சுக் களைச்சவன் நீ. இனி எழுதினா எழுது, எழுதாட்டியும் நீ என்னோடவன்தான்," என்று சொல்லிக்கொண்டே, பக்கவாதத்தில் ஓய்ந்துபோய் மடியில் கிடந்த தன் வலது கையை இடது கையால் மெல்ல எடுத்துக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டார்.