இரண்டரை அங்குலம்

வேகனின் முன்பக்கம் ஜாக்கியில் மெல்ல மேலே ஏறியபோது நர்ஸம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

இருபத்தாறு வருஷத்து வண்டி. பின் சீட்டை மடக்கினால் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். மேட்டு வீடுகளிலிருந்து எத்தனையோ பிள்ளைத்தாய்ச்சிகளை அதில் படுக்கவைத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள்.

மேட்டு வீட்டு வெல்டர்தான் ஆள் அனுப்பியிருந்தான். விடுமுறை நாளில் வண்டியோடு பட்டறைக்கு வரவேண்டும் என்று. எதற்கு என்று சொல்லி அனுப்பவில்லை.

வந்து இறங்கியதும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டான். அவன் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தாள். பாதி டீ குடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். வண்டியின் அடிப்பாகத்தைத் தரையிலிருந்து இன்னும் இரண்டரை அங்குலம் தூக்கப்போகிறானாம்.

கடையில் வாங்கிய சாமான் எதுவும் இல்லை. கனத்த இரும்புக் குழாயைத் துண்டு துண்டாக அறுத்து, நண்பனின் லேத்தில் கடைந்து, மேலும் கீழும் தகடு வைத்துப் பற்றவைத்த நான்கு வளையங்கள், சக்கரத்துக்கு ஒன்றாக. துருப் பிடிக்காமலிருக்க, வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டை மனைவி அவற்றுக்கு அடித்திருந்தாள்.

நர்ஸம்மா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சக்கரத்தைக் கழற்றினான். ஷாக் அப்சர்பரின் தலையில் மூன்று நட்டுகள். இரண்டு சொன்ன பேச்சு கேட்டன. மூன்றாவது அசைய மறுத்தது.

எண்ணெய் விட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இது தன் மாமனார் ஜாதி, எண்ணெய் போட்டுக் காத்திருந்தால்தான் இறங்கிவரும் என்றான். மனைவி அடுத்த ஸ்பேனரை அவன் உள்ளங்கையில் கொஞ்சம் ஓங்கியே வைத்தாள்.

நர்ஸம்மா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு, சிரித்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

முன்பக்கம் இரண்டு வளையங்களும் உட்கார்ந்தன. பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, அதன் பிடியை இடம் மாற்றி முடுக்கினான். பின்பக்கத்து ஸ்பிரிங்குகளுக்கு அடியில் மற்ற இரண்டையும் வைத்தான். அவன் கீழே படுத்திருக்க, ஸ்பிரிங் சாயாமல் மனைவி பிடித்துக்கொண்டாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கை நீளும்போது வேண்டியது கையில் இருந்தது.

இறக்கி நிறுத்தி, நாலு மூலையிலும் டேப் வைத்து அளந்தான். ஒரு பக்கம் ஒரு நூல் அளவு குறைந்தது. நர்ஸம்மா பரவாயில்லை என்றாள். அவன் மறுபடியும் ஜாக்கியை எடுத்தான்.

எல்லாம் முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சக்கர அலைன்மென்ட் பார்க்கும்வரை வேகம் வேண்டாம், வண்டி உயர்ந்துவிட்டதால் வளைவுகளில் நிதானமாகத் திருப்ப வேண்டும் என்றான். பிறகு, மேட்டிலிருக்கும் தன் வீட்டுப் பாதையில் ஒரு நடை ஓட்டிப் பார்த்துவிடலாமா என்று கேட்டான்.

அந்தப் பாதையில் நர்ஸம்மா வண்டியைத் திருப்பிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

மனைவி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அவன் பின்னால், மடக்கிய சீட்டின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

பாதி ஏற்றத்தில், ஓடை திரும்பும் இடத்தில், பாதையின் நடுவே ஒரு பாறை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. நர்ஸம்மாவின் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று. பின்னாலிருந்து அவன், போங்க என்றான்.

போனாள்.

வண்டி பாறையைத் தாண்டியது. ஓர் உரசல்கூட இல்லை.

தாண்டியதும் நிறுத்திவிட்டாள்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், இந்தப் பாறையில்தான் வேகனின் வயிறு உட்கார்ந்தது. சக்கரங்கள் சேற்றில் வெறுமனே சுற்றின. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது வெல்டரின் மனைவி ரத்தத்தில் கிடந்தாள். தாயைக் காப்பாற்ற முடிந்தது. பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை.

அன்றிலிருந்து அந்த நிமிடங்களைக் கணக்குப் பார்க்காத நாள் இல்லை. ஆள் அனுப்பியபோது, ஏசுவதற்குத்தான் கூப்பிடுகிறார்கள், வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் வந்தாள்.

வெல்டர் பாறையைப் பற்றிச் சொன்னான். சம்மட்டியால் இரண்டு நாள் அடித்துப் பார்த்தானாம். பொறி பறந்ததே தவிர, ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. அதன் பிறகு பாறையின் உயரத்தை அளந்தான். அவள் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், ஊர் ஆஸ்பத்திரி வாசலில் வேகனுக்கு அடியில் படுத்து அதன் உயரத்தையும் அளந்தான். வண்டியின் வயிற்றைவிடப் பாறை ஒன்றரை அங்குலம் உயரம். எதற்கும் இருக்கட்டுமென்று ஓர் அங்குலம் கூட்டிக்கொண்டான்.

நர்ஸம்மா கண்ணாடியில் அவனைப் பார்த்து, அன்றைக்குத் தாமதமாகிவிட்டது என்று சொல்லத் தொடங்கினாள். அவன் முடிக்கவிடவில்லை.

“நீங்க ஓடி வந்தீங்க, நர்ஸம்மா. அதனாலதான் இவ இன்னைக்கு உங்க பக்கத்துல உக்காந்திருக்கா.”

மனைவி, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நர்ஸம்மாவின் கையின் மேல் தன் கையை வைத்தாள். பெயிண்ட் காய்ந்து நகத்தில் ஒட்டியிருந்தது.

“மூணு மாசம் ஆகுதுக்கா. இன்னும் யாருகிட்டயும் சொல்லல. இந்தத் தடவையும் நீங்கதான் வரணும்.”

நர்ஸம்மா, கடைசியாக மாதவிலக்கான தேதி என்ன என்று கேட்டாள். அவள் சொன்ன தேதியைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, விரல் விட்டு மாதங்களை எண்ணினாள்.