மாமியார் பிரசங்கம்

நாற்பத்தோராவது கடிதத்தைப் படித்து முடித்தபோது போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பதினோரு வருடமாகத் தொலைக்காட்சியில் ஊழியம் செய்கிறார். ஒரே வாரத்தில் ஒரு சாக்குப் பை நிறையக் கடிதம் வந்ததே இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் கதை வேறு. "ஐயா, உங்க நிகழ்ச்சியை யாரும் பார்க்கிற மாதிரியே தெரியலை. ஜனங்ககிட்டேர்ந்து ஏதாவது பதில் வரணும். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை ஒன்பது மணியைச் சமையலுக்குக் கொடுத்துடுவோம்" என்று சேனல் மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். வேதாகமம் வெங்காயத்திடம் தோற்பதா என்று அன்றிலிருந்து போதகருக்குச் சரியான தூக்கமில்லை.

இப்போது அந்தக் கவலை தீர்ந்தது. போன்கள்தான் ஏனோ இன்னும் சும்மா கிடந்தன. ஜெப உதவிக்கென்று வைத்த மூன்று போன்களுக்கும் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்திக்கொருத்தி பேன் பார்க்காததுதான் பாக்கி.

"இதைக் கேளு" என்று மனைவிக்கு ஒரு கடிதத்தை வாசித்துக் காட்டினார். "'அன்புள்ள பிரசங்கியாருக்கு, நீங்கள் சொன்ன மாமியார் கதையால் எங்கள் வீட்டில் ஆறு வருடச் சண்டை முடிந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.'"

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "மாமியார் கதையா? அதை எப்ப சொன்னீங்க? மூணு மாசமா உலக முடிவைப் பத்தி ஏழு எக்காளம்தானே ஊதிக்கிட்டிருக்கீங்க?"

"நீ எங்கே முழுசாக் கேட்டே? ரெண்டாவது எக்காளத்துலயே தூங்கிட்டே."

"தூங்கினாலும் மாமியார்னா முழிச்சிருப்பேன்."

போதகருக்கும் உள்ளுக்குள் இடிக்கத்தான் செய்தது. ஆனால் தானாக வந்த லட்சுமியைத் தள்ளாதே என்று சொல்கிற பழக்கம் அவருக்கில்லாவிட்டாலும், வந்த கடிதத்தைத் தள்ள மனம் வரவில்லை. "ஆவியில நிறைஞ்சு பேசும்போது வாயில என்ன வருதுன்னு எனக்கே தெரியாதும்மா" என்றார்.

கடிதம் எழுதியவர்களில் அறுபது பேர் பேருந்து பிடித்து அடுத்த ஞாயிறு நேரிலேயே வருவதாக எழுதியிருந்தார்கள். மேலாளரும் கூட இருப்பார். சமையலா பிரசங்கமா என்று அன்றைக்கே முடிவாகிவிடும்.

ஞாயிறு காலை புதுக் கோட்டோடு படப்பிடிப்பு அறைக்குள் நுழைந்த போதகர், கையோடு ஒரு புகாரையும் கொண்டுவந்திருந்தார். "திரையில கீழ் மூலையில ஒரு பெட்டி போட்டு, அதுக்குள்ள ஒரு பொண்ணு கையை ஆட்டிக்கிட்டே இருக்கே, அது எதுக்கு? என் வேதாகமமும் வலது கையும் தெரியவே மாட்டேங்குது."

"காது கேக்காதவங்களுக்காகச் சைகை மொழியில சொல்றதுய்யா. எங்க சேனல்ல புதுசா வந்த விதி" என்றார் மேலாளர்.

"இவ்வளவு ஜனம் வர்ற நிகழ்ச்சிக்கு இந்தச் சில்லறை வேலையெல்லாம் எதுக்கு? எடுத்துடுங்க."

"இன்னைக்கு முடியட்டும். அடுத்த வாரம் பார்த்துக்கலாம்." அறையின் ஓரத்தில் நீலத் திரைக்கு முன்னால் நின்ற அந்தப் பெண், காதில் விழுந்தும் விழாதவள் போல விரல்களைச் சொடுக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

பேருந்து வந்தது. அறுபது பேரும் உள்ளே நுழையும்போதே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி அசைத்தார்கள். வாசலிலேயே துதிக்க ஆரம்பித்துவிட்ட கூட்டத்தைப் போதகர் தன் ஆயுசில் பார்த்ததில்லை. "அல்லேலூயா" என்று முழங்கினார். ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை. பயபக்தி என்று நினைத்துக்கொண்டார்.

கைகளை விரித்தபடி எதிரே போனார். கூட்டம் செங்கடல் மாதிரி இரண்டாகப் பிரிந்து, அவரை நடுவில் விட்டுவிட்டு, நேராக நீலத் திரைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டது. ஒரு அம்மா அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அறுபது ஜோடிக் கைகளும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன.

போன் ஏன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை என்று போதகருக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னம்மா கேக்குறாங்க?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"மாமியார் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொல்றாங்கய்யா." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சிடுங்க. நீங்க பேசுற வேகத்துக்கு என் கை ஓடலை. மூணாவது எக்காளத்தோட விட்டுட்டேன். அப்புறம் எனக்குத் தெரிஞ்ச வசனத்தையும் எங்க வீட்டு ரகளையையும் சேர்த்து நானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

மேலாளர் கையிலிருந்த காபியைக் குடிக்க மறந்து நின்றார். போதகருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. பதினோரு வருட ஊழியம் கண்ணெதிரே ஆட்டம் கண்டுகொண்டிருந்தது.

"அப்ப என் கதி? நான் வேணுமா வேண்டாமான்னு அவங்களையே கேளும்மா" என்றார்.

பெண் கைகளை அசைத்துக் கேட்டாள். கூட்டம் போதகரை ஏற இறங்கப் பார்த்தது. தங்களுக்குள் கொஞ்ச நேரம் கலந்து பேசியது. கடைசியில் ஒரு பெரியவர் மனமிரங்கி ஏதோ சைகை காட்டினார்.

பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பெட்டிக்கு வெளியே நின்னு வாயசைக்கிறவர்தானே, அவரும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்கிறாங்கய்யா."