தங்கையின் ரத்தம்

கல்யாணப் பேச்சில் இப்போதெல்லாம் ஜாதகத்துக்கு முன்னால் ரத்தத்தைத்தான் கேட்கிறார்கள். நறுமுகைக்கு சொரியாசிஸ். முதுகில் மட்டும்தான், ரவிக்கை மறைத்துவிடும். ஆனால் ரத்தத்திலுள்ள புரதங்கள் காட்டிக் கொடுத்துவிடுமே? அதனால் அம்மா சகுந்தலா, சின்னவள் ஆதிரையின் விரலைக் குத்தி, பெரியவள் பெயரில் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டாள். ஆதிரையின் தோலில் கொசுக்கடித் தழும்புகூட நிற்காது.

காலையிலிருந்து சகுந்தலா போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

"உட்காரும்மா. நீ நடக்கிறதைப் பார்த்தாலே எனக்கு அரிக்குது" என்றாள் நறுமுகை.

"மாப்பிள்ளை வீட்ல என் ரத்தத்துல மயங்கிக் கிடக்கிறாங்க போல" என்று சிரித்தாள் ஆதிரை.

மதியம்தான் தரகர் பரமசிவம் கூப்பிட்டார். சகுந்தலா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அம்மா, அவங்க வேண்டாங்கிறாங்க. பொண்ணுக்கு ரெண்டு மூணு வருஷத்துல சொரியாசிஸ் வரும்னு ரத்தத்துல இருக்காம்."

"இன்னும் வரலையா?" சகுந்தலா வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"இனிமேதாம்மா வரும். இப்போ தோல் சுத்தமாத்தான் இருக்கும்."

பேச்சு முடிந்தது. சகுந்தலா சின்னவளைப் பார்க்காமல் ஜன்னலைச் சாத்தினாள். உடனே திறந்தாள். மறுபடியும் சாத்தினாள். சிரிப்பு நின்று போயிருந்த ஆதிரையின் பக்கத்தில் நறுமுகை வந்து உட்கார்ந்தாள்.

"மருந்து இருக்குடி. எனக்குக் கட்டுக்குள்ளதானே இருக்கு?"

"அதுக்கில்லக்கா" என்ற ஆதிரை, அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது யார் விரலைம்மா குத்துவே?"